சுற்றுலாவும் இறைவணக்கமும்

விடுமுறைக்குத் துனீசியா போகும் முஸ்லிம் கைரவான் பெரிய பள்ளிவாசலைச் சுற்றிப் பார்ப்பது வணக்கத்தில் சேருமா, வெறும் பொழுதுபோக்கா? சேரும் என்பதே என் கட்சி. பூமியில் பயணம் செய்து, முன்சென்றவர்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறும்படி குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்துகிறது. அந்தப் பாடத்தைக் கல்லிலேயே காட்டும் ஊர் கைரவான். 670இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி நிறுவிய நகரம் அது. 9ஆம் நூற்றாண்டில் அக்லபிய ஆட்சியாளர்கள் எழுப்பிய பள்ளிவாசல் தொழுகைக் கூடத்தின் தூண்கள் பல, பழைய ரோம, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. ஒரு தூணின் தலைப்பில் இலை வேலைப்பாடு. பக்கத்துத் தூணில் முற்றிலும் வேறு வடிவம். பேரரசுகள் போய்விட்டன, அவற்றின் கற்கள் தொழுகைக் கூரையைத் தாங்குகின்றன.

மக்கா, மதீனா, ஜெரூசலேம் பள்ளிகளுக்கு மட்டுமே பயணத்தை அனுமதிக்கும் நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவற்றுக்குரிய தனிச்சிறப்பை வேறிடத்தில் தேடுவதைத்தான் அது தடுக்கிறது, கல்விப் பயணத்தை அல்ல என்பது அறிஞர் பலரின் விளக்கம். 1325இல் ஹஜ்ஜுக்காகத் தான்ஜியரிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா ஊர் ஊராகச் சுற்றினார். அதற்காக அவரை யாரும் ஒதுக்கவில்லை, டெல்லியிலும் மாலத்தீவிலும் காழி (நீதிபதி) பதவியே கிடைத்தது. இன்றைய சுற்றுலா செல்ஃபியோடு முடிகிறதே என்றால், அது பார்வையின் குறை, பயணத்தின் குறையல்ல. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்த மார்க்கம் பயணத்தை வெறுக்கவில்லை. போகிறவர்கள் கேமராவை எடுக்கும் முன் ஒரு தூணையாவது நின்று நிதானமாகப் பாருங்கள்.