பேரனுக்கு வைத்த பெயர்

"வாரிசு இல்லாமல் போயிற்றே" என்றார்கள், என் தாத்தா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள். அவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே மகள், என் அம்மா. தாத்தாவின் பெயரோடு நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இங்கிலாந்தின் டி வியர் குடும்பத்தைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் அந்தக் காபி டம்ளர்தான் ஞாபகம் வருகிறது. 1141-இல் பேரரசி மட்டில்டா கொடுத்த ஆக்ஸ்போர்டு ஏர்ல் பட்டம் அவர்களுடையது. 562 ஆண்டுகள், 20 ஏர்ல்கள். எஸ்ஸெக்ஸில் அவர்கள் எழுப்பிய ஹெடிங்ஹாம் கற்கோட்டை இன்னும் நிற்கிறது. சின்னம் ஒரு வெள்ளி நட்சத்திரம். 1471-இல் பார்னெட் போரின்போது, மூடுபனியில் அதை எதிரி அரசனின் சூரியச் சின்னம் என்று நினைத்துக் கூட்டாளிப் படையே அம்பு விட்டதாம். பரம்பரைப் பெருமைக்கு இப்படியும் ஒரு செலவு உண்டு.

இருபதாவது ஏர்ல் ஆப்ரி 1703-இல் இறந்தார். மகன் இல்லை, பட்டம் அதோடு முடிந்தது. மகள் டயானா இருந்தார். அவருடைய கணவர் செயின்ட் ஆல்பன்ஸ் டியூக், இரண்டாம் சார்லஸ் மன்னருக்கும் நடிகை நெல் க்வின்னுக்கும் கல்யாணம் இல்லாமல் பிறந்தவர். அவருக்கு டியூக் பட்டம் கிடைத்தது. முறைப்படி பிறந்த டயானாவுக்கு அப்பாவின் பட்டம் கிடைக்கவில்லை. என்ன கணக்கோ!

இதைவிட வேடிக்கை 1711-இல் நடந்தது. அமைச்சர் ராபர்ட் ஹார்லிக்கு ஆக்ஸ்போர்டு பெயரில் புதிதாக ஏர்ல் பட்டம் கொடுத்தவர்கள், கூடவே மார்டிமர் என்றும் ஒன்றை ஒட்டவைத்தார்கள். எங்கிருந்தாவது ஒரு டி வியர் ஆண்பிள்ளை வந்து உரிமை கேட்டுவிட்டால் ஹார்லி வெறுங்கையோடு நிற்கக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதை என்பார்கள். இருக்கிறானா என்றே தெரியாத ஆணுக்கு அவ்வளவு பயந்தவர்கள், இருந்த பெண்ணைப் பொருட்படுத்தவில்லை.

சட்டத்தில் விட்டதை அந்த வீட்டார் தொட்டிலில் பிடித்தார்கள். நம் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். டயானாவுக்கு 1699-இல் பிறந்த மகனின் பெயர் வியர். அப்போது தாத்தா உயிரோடிருந்தார். கடற்படையில் உயர்ந்த இந்த வியர், 1750-இல் வியர் பிரபு என்றே பட்டம் பெற்றார். தாத்தா போனபின் பிறந்த இன்னொரு மகன் ஆப்ரி. அவரும் கடற்படைதான், 1741-இல் கார்டஹேனா தாக்குதலில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆப்ரி போக்ளேர் என்பது முழுப்பெயர். பின்பாதி அப்பா வழி.

எனக்கும் இனிஷியல் மட்டும்தான் அப்பாவுடையது.