யாருக்கு வைக்கும் சோறு?

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் நாங்கள் நாலு பேர். றெஸ்ரோறண்டுகளில் சமைக்கிறோம், கோப்பை கழுவுகிறோம். பிறர் தின்று மிஞ்சியதைக் குப்பையில் கொட்டுகிற எங்களுக்குப் படையலைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று கேட்கலாம். சோற்றைக் கொட்டுகிறவனைத்தான் இந்தக் கேள்வி அதிகம் உறுத்துகிறது.

கடவுளும் இறந்தவரும் உண்பதில்லை என்பது படைக்கிறவர்களுக்குத் தெரியும். கிரேக்கக் கதையில் புரோமித்தியஸ் எலும்பைக் கொழுப்பால் மூடித் தேவர்களுக்குக் காட்டிவிட்டு இறைச்சியை மனிதருக்கு ஒதுக்குகிறான். எங்கள் கோயிலில் நைவேத்தியம் பிரசாதமாகி எங்களிடமே திரும்புகிறது. குர்பானி இறைச்சியில் உறவினருக்கும் ஏழைக்கும் பங்குண்டு. இறைவனை அடைவது இறையச்சமே என்கிறார்கள் முஸ்லிம்கள். பௌத்தர்கள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து அதன் புண்ணியத்தை இறந்தவருக்கு அளிக்கிறார்கள். எங்கும் உணவு உயிருள்ளவர் வயிற்றுக்கே வந்துசேர்கிறது. அப்படியானால் படையல் ஏமாற்றா? எனக்கு முன் இன்னொருவர் உண்டு என்று ஒரு கணம் கையை நிறுத்திக்கொள்வதே படையல் என எண்ணத் தோன்றுகிறது.

2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சி உயிர் காத்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் அதைக் காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வார்க்கிறார்கள். 2024 இல் சம்பூரில் அதற்காக நால்வர் கைதானார்கள். வெறும் கஞ்சிக்கு யார் அஞ்சுவார்? அதை முதலில் பெறுகிற, இல்லாதவர்களுக்கே அஞ்சினார்கள்.

இறந்தாரா என்றே தெரியாதவருக்கு எதைப் படைப்பது? எங்களில் ஒருவரின் தமையன் 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்தபின் காணாமற் போனவர். தாய் கணவரின் திவசத்துக்குப் படைக்கிறா. மகனுக்குப் படைக்க மறுக்கிறா. படைத்தால் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் மறுப்பும் இதுதான்.

இங்கே கோயிலில் நாங்களே ஒரு சடங்கைச் செய்துவிட்டால் அந்த மனுசிக்கு ஆறுதல் கிடைக்குமே என்று போன கிழமை எங்களுக்குள் வாக்குவாதம். விடியும்வரை பேசினோம். ஆறுதல் எங்களுக்குத்தான் கிடைக்கும், அவவுக்கல்ல என்பது கடைசியில் விளங்கியது. ஒருவரின் மரணத்தை அவருக்காகக் காத்திருப்பவரைக் கேளாமல் முடித்துவைக்க எந்தச் சமயமும் எங்களுக்கு உரிமை தரவில்லை.

தாய் ஒவ்வொரு இரவும் பானையில் ஒரு பிடி சோறு விட்டுவைக்கிறாவாம். "பிந்தி வந்தாலும் பசியோடை வருவான்." விடிந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றி அவவே சாப்பிடுகிறா.

அதைப் படையல் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.