சுவை ஆய்வும் ஐந்தாம் சீலமும்

பெங்களூரில் ஒரு பௌர்ணமி மாலை. திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று முடிந்து அன்பர்கள் எழுந்து செல்ல ஆயத்தமான வேளையில், இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவை விடுத்தார். தாம் மாதம் ஒருமுறை நண்பர் அறுவரோடு கூடிப் பலவகை விஸ்கிகளைச் சுவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும், ஒவ்வொன்றின் மணத்தையும் சுவையையும் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் இட்டு வருவதாகவும், ஒருநாளேனும் தாம் நிலை தடுமாறியதில்லை என்றும் கூறி, “ஐயா, நான் போதைக்காகக் குடிக்கவில்லை, அறிவதற்காகச் சுவைக்கிறேன். என் ஐந்தாம் சீலம் கெட்டதா?” என்று கேட்டார். சிலர் நகைத்தனர். பெரியவர் ஒருவர், “குடிக்குப் புதுப்பெயரோ!” என்று கடிந்தார். இளைஞர் முகம் வாடி அமர்ந்துவிட்டார்.

நகைப்பும் கடிதலும் விடையாகா. உண்மையாக வினவியவருக்கு உண்மையாக விடையிறுத்தல் நம் கடன். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும், அவ்விளைஞரோடு பலநாள் உரையாடியவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில், அவருடைய பொழுதுபோக்குக்கு உரிய மதிப்பை அளித்துவிடுவோம். ஒன்றை அறியாமல் பழிப்பது பௌத்தர்க்கு அழகன்று. விஸ்கி என்பது வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் வெப்பத்தால் உலர்த்தி, அரைத்து வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்துச் செப்புக் கொப்பரைகளில் இருமுறை காய்ச்சி வடிப்பது. வடிந்து வருவதில் முற்பகுதியையும் பிற்பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டுமே கொள்வர். அது நீர்போல் நிறமற்றது. நிறமும் சுவையின் பெரும்பகுதியும் அது உறங்கும் ஓக் மரப் பீப்பாய் தருவன. ஸ்காட்லாந்தின் சட்டப்படி மூன்று ஆண்டுக்குக் குறையாமல் அது பீப்பாயில் கிடத்தல் வேண்டும். மேற்குக் கடலிலுள்ள ஐலா என்னும் தீவில், தானியத்தை உலர்த்தப் பீட் என்னும் மக்கிய சதுப்புநில மண்ணை வெட்டி எரிப்பர். அந்தப் புகை பத்தாண்டு கழிந்த பின்னும் கோப்பையிலிருந்து எழுகிறதாம். ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்கில் வடிப்பவற்றில் பெரும்பாலும் அப்புகை இராது. பழமணமும் தேன்மணமும் மிகும்.

நம் ஊர்ச் செய்தியும் ஒன்று உண்டு. பீப்பாயிலுள்ள மது ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிக் குறையும். அதனைத் தேவதூதர் பங்கு என்பர். ஸ்காட்லாந்தின் குளிரில் அது 100க்கு 2 பங்கு அளவினது. பெங்களூரின் வெப்பத்திலோ 10 பங்குக்கு மேலும் பறந்துவிடும். ஆயினும் அவ்வெப்பமே மரத்தின் சுவையை விரைவில் ஏற்றுகிறது. 1948ஆம் ஆண்டு பெங்களூரில் தோன்றிய அம்ருத் நிறுவனத்தார், தாம் வடித்த மால்ட் விஸ்கியை 2004ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே முதன்முதல் விற்பனைக்கு வைத்தனர். 2010ஆம் ஆண்டிற்குரிய தம் நூலில் ஜிம் மர்ரே என்னும் ஆங்கில மதிப்பீட்டாளர், அவர்களது விஸ்கி ஒன்றுக்கு உலகில் மூன்றாம் இடம் அளித்தார். இதனைச் சொல்லும்போது நம் இளைஞரின் கண்கள் ஒளிர்ந்தன. எனக்கோ வேறொன்று தோன்றியது. அமுதம் என்னும் சொல் நம் நூல்களில் நிப்பாணத்தைக் குறிப்பது. பெயரிட்டவர் அதனை நினைந்திரார்.

சுவைக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. வாய் குவிந்த கண்ணாடிக் கோப்பையில் சிறிதே ஊற்றி, நிறம் பார்த்து, மூக்கருகே கொணர்ந்து பொறுமையோடு முகர்ந்து, சில துளி நீர் கலந்து மீண்டும் முகர்வர். நீர் கலந்தால் மணம் ஏன் மலர்கிறது என்பதற்கு 2017ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் ஒரு விளக்கம் அளித்தனர்: புகைமணம் தரும் மூலக்கூறுகள் நீர் மிகும்போது மதுவின் மேற்பரப்பை நாடி வருகின்றனவாம். நாவு அறிவது சில சுவைகளையே. எஞ்சியவை யாவும் மூக்கின் வேலை. ஆதலின் விஸ்கிகளைக் கலந்து சமைக்கும் கைதேர்ந்த வல்லுநர் பெரும்பாலும் நீர் கலந்து முகர்ந்தே தம் தொழிலை நடத்துகின்றனர்; குடித்துக்கொண்டே தேர்வாராயின் நண்பகலுக்குமேல் வேலை நடவாது.

இத்தனை பொறுமையும் கவனமும் இகழத்தக்கன அல்ல. தட்டில் விழுந்த சோற்றின் சுவை யாதென்றே அறியாமல் விழுங்கிச் செல்லும் நம்மில் பலருக்கு, ஒரு துளியின்முன் கால்மணி நேரம் அமர்ந்திருக்கும் அவ்விளைஞர் சிறிது பாடம் கற்பிக்கக்கூடும். அங்ஙனமாயின் அவர் செய்வது குற்றமா?

உடல்நலம் கெடும், பொருள் அழியும் என்னும் விடைகள் மெய்யே. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. எனினும் இளைஞர் கேட்டது உடலைப்பற்றி அன்று, சீலத்தைப்பற்றி.

வினய நூலில் சுரா, மேரயம் என இருவகை மது சொல்லப்படுகிறது. மாவு, சோறு முதலிய தானியப் பொருள்களைப் புளிக்கவைத்துச் செய்வது சுரா. மலர், கனி, தேன், வெல்லம் இவற்றால் ஆவது மேரயம். வாற்கோதுமை விஸ்கி ஐயமின்றிச் சுராவின் வழிவந்ததே. இவற்றைப் பமாதத்தின் ஸ்தானம் என்று சீலம் பெயரிடுகிறது. பமாதம் என்பது கருத்தின்மை, விழிப்பின்மை. “விழிப்பின்மைதானே விலக்கப்பட்டது? யான் விழிப்போடு அருந்துகின்றேனே!” என்பது இளைஞரின் வாதம். ஆயின் ஸ்தானம் என்பது நிற்கும் இடம். வழுக்கு நிலத்தில் கவனமாக நில் என்று சீலம் கூறவில்லை. அந்நிலத்தில் கால் வையாதே என்கிறது.

இவ்விதி எழுந்த வரலாறு நம் வினாவுக்கு மிக அணித்தாக உள்ளது. சாகத தேரர் இருத்திபலத்தால் கொடிய நாகம் ஒன்றை அடக்கியவர். அவர் கோசாம்பி நகருக்கு வந்தபோது மக்கள் அவரைப் போற்ற விரும்பி, துறவியர்க்கு அரிதாகக் கிட்டுவதும் உவப்பானதும் யாது என வினவினர். ஒழுக்கம் குன்றிய பிக்குகள் சிலர், காபோதிகை என்னும் தெளிந்த மதுவைச் சொல்லிவைத்தனர். தேரர் பிச்சைக்குச் சென்ற வீடுதோறும் அதுவே அளிக்கப்பட்டது. திரும்புகையில் நகர வாயிலில் வீழ்ந்தார். பகவான் இருக்கும் திசையில் தலை வைத்துக் கிடத்தினர். அவரோ புரண்டு பகவானை நோக்கிக் கால் நீட்டினார். எவ்வளவு குடித்தார் என்று பகவான் வினவவில்லை. நாகத்தை அடக்கிய இவரால் இப்பொழுது ஒரு நீர்ப்பாம்பையேனும் அடக்க இயலுமா என்றே வினவினார். அதன்பின் எழுந்த விதி, புல்நுனி அளவு பருகினும் பிக்குவுக்குக் குற்றம் என்கிறது. வீடுதோறும் சிறிதளவு, அதுவும் அரிய மது, அதுவும் மதிப்பின் பொருட்டு அளிக்கப்பட்டது: இம்மூன்றும் இன்றைய சுவைக் கூட்டத்திலும் உள்ளன.

ஜப்பான் பௌத்த நாடாயிற்றே, அங்கும் விஸ்கி வடிக்கின்றனரே என்று இன்னோர் அன்பர் கேட்டார். ஆம், தகெத்சுரு மசதகா என்பார் 1918ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சென்று அத்தொழிலைக் கற்று மீண்டார், 1923இல் யமசாகியில் முதல் வடிசாலை தொடங்கிற்று. அந்நாட்டில் மடத்துத் துறவியர் அரிசி மதுவுக்குப் பிரக்ஞை வெந்நீர் என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்கியதும் உண்டு. குற்றமற்ற பொருளுக்கு மறைபெயர் எதற்கு? அதுவே நாம் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி.

இனி, எனக்கு நெஞ்சில் உறுத்தியதைச் சொல்லவேண்டும். இளைஞரைக் கடிந்த பெரியவரே, வேறொரு நாள் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற விஸ்கிப் புட்டிகளை வியந்து பேசியதை யான் கேட்டிருக்கின்றேன். கோலார் தங்கவயலில் என் தந்தையார் காலத்தில், சம்பள நாளன்று பெண்கள் சுரங்க வாயிலில் காத்து நிற்பர். கூலி சாராயக் கடையைச் சேருமுன் வீட்டைச் சேரவேண்டுமே என்னும் அச்சம். அத்தெருவில் வீழ்ந்து கிடந்தவனைக் குடிகாரன் என்றோம். கோப்பையைத் தண்டு பிடித்து ஏந்துபவனை ரசிகன் என்கிறோம். கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டு சாராயத்தை விலக்கியது. விஸ்கிக் கடைகளை விலக்கவில்லை. இந்நாட்டில் விஸ்கி என்னும் பெயரால் மலிவாக விற்கப்படுவதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராவியே. ஐரோப்பிய நாடுகளின் சட்டம் அதனை விஸ்கி என்று விற்க விடுவதில்லை. வினயத்தின் கணக்கில் அது மேரயம். தொழிலாளி குடித்த சாராயத்தின் உடன்பிறப்பு.

கள் குடித்ததனால் தாழ்ந்தவர் என்று நம் முன்னோரைப் பழித்தவர்கள், தாம் குடித்தபோது அதனை நாகரிகம் என்றனர். படித்து உத்தியோகம் பெற்ற நம் இளைஞருக்கு, விலையுயர்ந்த அக்கோப்பை பாட்டனார் பட்ட இழிவைக் கழுவும் நீராகத் தோன்றுவதில் வியப்பில்லை. இதனை அவரிடம் கூறியபோது நெடுநேரம் பேசாதிருந்து, “அலுவலகத்தில் அக்கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட அன்றுதான், நானும் அவர்களுள் ஒருவன் என்று முதன்முதல் உணர்ந்தேன், ஐயா” என்றார். இவ்வொரு சொல்லுக்காகவே அவரை நகைத்தவர்கள் வருந்தவேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தேன் என்பதும் ஒன்று. அது மக்களை ஏற்றத்தாழ்வினின்று விடுவிக்க வந்த உறுதிமொழிகளின் நடுவே வைக்கப்பட்டிருப்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

நண்பரை இழக்க வேண்டுமோ என்று அஞ்சினார். மணிமேகலையில் வரும் சாதுவனின் கதையைச் சொன்னேன். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவனுக்கு, அவர்கள் தலைவன் மதுவும் ஊனும் இளம்பெண்ணும் அளிக்க முன்வருகிறான். சாதுவன் மறுக்கிறான், ஆனால் எழுந்து போய்விடவில்லை. ஏன் மறுத்தாய் என்று கேட்ட தலைவனுக்கு அவனுடைய மொழியிலேயே காரணம் கூறுகிறான். பகை விளையவில்லை; பரிசில்களோடு ஊர் மீள்கிறான்.

“முகர்வதோடு நிறுத்தினால்?” என்று இளைஞர் வினவினார். அருந்தும் எண்ணமும் முயற்சியும் இருந்து, மது தொண்டையினுள் இறங்கினாலே சீலம் முறியும் என்பது உரையாசிரியர் கொள்கை. ஆகவே முகர்தல் முறிவன்று. தாமரையை முகர்ந்த பிக்கு ஒருவரை மணத்திருடர் என்று ஒரு தேவதை கடிந்த கதை சங்யுத்தத்தில் உண்டு. அது துறவியர்க்கு உரியது. இல்லறத்தாரை அவ்வளவு தூரம் நெருக்க எனக்கு மனமில்லை. “தம்பி, நீர் விரும்புவது அறிதலையே எனின் மூக்கு போதும், வல்லுநருக்கே அது போதுகிறது” என்றேன். விழுங்கிய பின் தொண்டையில் நெடுநேரம் நிற்கும் சுவையை அறியாமல் மதிப்பீடு நிறைவுறாது என்று அவர் மறுத்தார். நேர்மையான மறுப்பு. எனக்கு உடனே விடை இல்லை.

விடையை அவரே கொண்டுவந்தார். தம் குறிப்பேட்டை முதலிலிருந்து திருப்பிப் பார்த்தபோது, பெரும்பாலான மாலைகளில் இறுதியாகச் சுவைத்ததே மிகுந்த மதிப்பெண் பெற்றிருக்கக் கண்டாராம். புகை மிகுந்த வலிய விஸ்கியை இறுதியில் வைப்பது வழக்கம். அதனாலாகலாம் என்றெண்ணி, நண்பருக்கும் சொல்லாமல் அடுத்த கூட்டத்தில் வரிசையைத் தலைகீழாக்கினார். அன்றும் இறுதிக் கோப்பையே வென்றது. எழுத்தும் பக்கத்தின் அடிப்பகுதியில் சாய்ந்திருந்தது. ஒருநாளும் நிலை தடுமாறியதில்லை என்று பௌர்ணமிக் கூட்டத்தில் சொன்னவர் அவரே. “ஒப்பிடுவதாக எண்ணியிருந்தேன், ஐயா. ஒப்பிடும் கருவியையே முதற்கோப்பையிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்” என்றார்.

அடுத்த பௌர்ணமியன்று அவர் நான்கு சீலங்களை உரக்கச் சொல்லி, ஐந்தாவதில் வாய் மூடியிருந்தார். நம் செயலாளர் அதனைக் கண்டு, அவரை அழைத்துக் கேட்கவேண்டும் என்றார். ஐந்தையும் உரக்கச் சொல்லிவிட்டு வீடு செல்வோரை முதலில் கேட்போம் என்றேன். அதன்பின் இரண்டு பௌர்ணமிகள் கழிந்தன. இன்னும் நான்கே சொல்கிறார். நண்பர் கூட்டத்துக்கும் செல்கிறார். சென்ற வாரம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். கடைசி ஏழு பக்கங்களில் நிறமும் மணமும் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. அடுத்த கட்டங்கள் வெறுமையாக உள்ளன. மதிப்பெண்கள் முன்னினும் குறைவு. எழுத்து நேராக நிற்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும், மார்ச்சு மாதத்தது, எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அதனை அவர் கிழிக்கவில்லை.