கரையருகே ஒரு வழிகாட்டி

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், பெருங்கடல்களைக் கடந்து வந்த கப்பல் தலைவரும் ஹூக்ளி நதியின் முகத்துவாரத்தில் தம் அதிகாரத்தை அடக்கிக்கொள்வார். கல்கத்தாவிற்கு இன்னும் நூறு மைலுக்கு மேல் உண்டு. நீருக்கடியில் மணல்திட்டுகள் ஓயாது இடம் மாறும். 1694-இல் அழிந்த கப்பலின் பெயரையே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற திட்டு தாங்கி நிற்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பிலும், 'பைலட்' எனப்படும் வழிகாட்டி மாலுமிகள் கடலிலேயே காத்திருந்து கப்பலில் ஏறுவர். நேற்றைய அறிவை மட்டும் நம்பாமல், ஈயக்குண்டுக் கயிற்றால் ஆழத்தை அளந்தறிந்தே செலுத்துவர்.

அன்பர்களே, பல்லாண்டு ஜபமும் சாஸ்திர அறிவும் நம்மைக் கரையருகே கொணரலாம். 'கடலையே கடந்தேன், நதி எம்மாத்திரம்?' என்னும் செருக்கே அங்கு மணல்திட்டு. நாம் தேடுமுன்பே குரு புயலில் நமக்காகக் காத்திருக்கிறார். சுக்கானை அவரிடம் ஒப்படைப்போமாக!