கைதட்டுவோம்... சொல்வதைக் கேட்போமா?

ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க் கிடையாது!

முதல் கேள்வி. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடுகிற 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதன் கதாநாயகி யார்?

டி.பி.ராஜலட்சுமி. டக்கென்று சொல்லிவிடுவீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்களைவிட வேகமாகச் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வி. தமிழில் படம் இயக்கிய முதல் பெண் யார்?

இங்கேதான் பலர் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள். விடை, அதே டி.பி.ராஜலட்சுமிதான்! 1936-ல் 'மிஸ் கமலா' என்றொரு படம் எடுத்தார். கதை அவருடையது. தயாரிப்பு அவருடையது. இயக்கியதும் அவர், நடித்ததும் அவர்.

'பழைய படம், இன்றைக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, அதனால் மறந்துவிட்டது' என்று சமாதானம் சொல்ல முடியாது. 'காளிதாஸ்' படத்தின் பிரதியும்தான் இன்று இல்லை. இரண்டுமே அழிந்துபோன படங்கள். ஒன்றில் அவர் நடித்தது ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றில் பத்துப் பேரை நடிக்கவைத்தது மறந்துபோச்சு.

ஏன்?

அரியலூரில் பஸ் ஏறி, கீழப்பழுவூர், திருமானூர் தாண்டி, கொள்ளிடம் பாலத்தைக் கடந்து போனால் திருவையாறு வரும். அங்கேதான் 1911-ல் பிறந்தார் ராஜலட்சுமி. விவரம் தெரியாத வயசிலேயே கல்யாணம். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர், தகப்பனாரும் போன பிறகு, அம்மாவோடு திருச்சிக்குப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அன்றைக்குத் திருச்சி ஜில்லாதான். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதே 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு, 2007-ல் திரும்பவும் தனியாக வந்தது.

அந்தக் கால நாடகத்தில் பாட்டுதான் பிரதானம். கோபம் வந்தாலும் பாட்டு, குழந்தை செத்தாலும் பாட்டு. மேல்நாட்டார் 'ஆபரா' என்று சொல்வதற்கு நம்மிடம் உள்ள உறவுக்காரர் இசை நாடகம்தான். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாட வேண்டும். அந்த மேடையில் பழுத்த குரல்தான் பேசும்படத்துக்குப் போனது. நாடகம், இசை நாடகம், சினிமா என்று மூன்று படி ஏறி, நான்காவது படியாக இயக்குநர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

அவருக்கும் முந்தைய தலைமுறையில் இன்னொரு அம்மாள். ஜெயங்கொண்டம் பக்கமிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே பாலாமணி அம்மாள், பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காக ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. பாலாமணி என்றால் இன்றும் பேசப்படுவது அவருடைய அழகும் அந்த ரயிலும்தான். அத்தனை பெண்களுக்குச் சோறு போட்டு, சம்பளம் கொடுத்து, ஒத்திகை பார்த்து ஒரு கம்பெனியைக் கட்டி மேய்த்தாரே, அந்தத் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெண் மேடையில் பாடினால் நமக்குச் சம்மதம். கைதட்டுவோம், விசிலடிப்போம், கட்அவுட் வைப்போம். அதே பெண், "நீங்க அங்க நில்லுங்க. இந்த வசனம் வேண்டாம். லைட்டை அணைங்க" என்று சொன்னால்? ஒரு முனகல் கேட்கும். "இந்தம்மா என்ன சொல்றது, நாம என்ன கேக்குறது?"

நடிகையை நாம் பார்த்தால் போதும். இயக்குநர் சொன்னால் கேட்க வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

சினிமா சமாசாரம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 1994-ல் சட்டம் வந்தது. 2016-ல் அது பாதி ஆனது. பெரம்பலூர், அரியலூர் உட்பட எல்லா மாவட்டத்திலும் இன்று பெண்கள் அந்தப் பதவிகளுக்கு வருகிறார்கள். தாமே முடிவெடுத்து ஊரை நிமிர்த்தியவர்கள் உண்டு. ஆனால், ஊராட்சி ஆபீஸ் போர்டில் அம்மா பெயர் இருக்க, "எதுவா இருந்தாலும் தலைவர் வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கங்க" என்கிற பதிலை நீங்கள் கேட்டதே இல்லையா? வேஷம் அந்தம்மாவுக்கு. டைரக்‌ஷன் வேறு ஆள்!

"திறமை இருந்தா வரட்டும் சார், யாரு தடுத்தா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், முடிவெடுக்கும் திறமை முடிவெடுத்துப் பார்த்தால்தான் வரும். நாலு முடிவு தப்பாகப் போனால்தான் ஐந்தாவது உருப்படும். ஆகவே, ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தோமா என்பதைப் பார்க்க ஒரே ஒரு சோதனைதான். அவர் தோற்கும்போது நாம் என்ன செய்கிறோம்?

ராஜலட்சுமி பிற்பாடு எடுத்த 'இந்தியத் தாய்' படம் சென்சாரிடம் சிக்கிப் பெரும் நஷ்டம் தந்தது. நடிகையர் திலகம் சாவித்திரி 1968-ல் தெலுங்கில் படம் இயக்க ஆரம்பித்தார். தமிழில் சிவாஜியை வைத்து அவர் இயக்கிய 'பிராப்தம்' 1971-ல் வந்து கையைக் கடித்தது. இன்றும் அவர் கதையைச் சொல்கிறவர்கள், "பேசாம நடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம், படம் எடுக்கப் போய்த்தான்..." என்று உச்சுக்கொட்டுகிறார்கள். சொந்தப் படம் எடுத்துச் சொத்தைத் தொலைத்த கதாநாயகர்கள் கோடம்பாக்கத்தில் கொஞ்சமா? அவர்களை மட்டும் 'கலைக்காகவே சொத்தை இழந்தவர்' என்கிறோம். ஆண் தோற்றால் அந்தப் படம் தோற்றது. பெண் தோற்றால், 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை!'

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் நாடகத்துக்கான டோனி விருது 1947-லிருந்து கொடுக்கிறார்கள். இயக்கத்துக்காக அதைப் பெண்கள் முதன்முதலாக வாங்கியது 1998-ல். ஒரே இரவில் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் ஜூலி டேமர். 'லயன் கிங்' கதையை மேடையேற்றியவர். 2002-ல் 'ஃப்ரீடா' படம். 2004-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்'. நாடகம், ஆபரா, சினிமா மூன்றிலும் கொடி நாட்டியவர். ஆனால், மேடையில் 'ஸ்பைடர்மேன்' நாடகத்துக்குக் கோடிகோடியாகச் செலவாகிச் சிக்கல் வந்தபோது, 2011-ல் அவரை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். அத்தோடு முடிந்ததா? 2013-ல் ஷேக்ஸ்பியரை மேடையேற்றினார். 2020-ல் இன்னொரு படம் வந்தது.

விழுந்தவருக்கு மறுபடி ஒரு மேடை கிடைத்தது. ராஜலட்சுமிக்கும் சாவித்திரிக்கும் இயக்குநராக அப்படி ஒரு மேடை கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அது ஒரு வாழ்க்கை அளவுக்கு வித்தியாசம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். மகள் ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆடினால் முதல் வரிசையில் உட்கார்ந்து மொபைலில் படம் பிடிக்கிறீர்கள். சந்தோஷம். அதே மகள் "நான் இந்த காலேஜ்ல, இந்தப் படிப்புதான் படிப்பேன்" என்றால் காது கொடுக்கிறீர்களா? மனைவியின் சமையலைப் பாராட்டுகிறீர்கள். எந்த மனை வாங்குவது என்பதில் அவர் சொன்னது கடைசியாக எப்போது நடந்தது? அவர் சொல்லி எடுத்த ஒரு முடிவு சொதப்பியபோது, "பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றீர்களா? இல்லை, "அதான் நான் அப்பவே சொன்னேன்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா?

நம்மிடம் கைதட்டலுக்குப் பஞ்சமே இல்லை. நம் வீட்டுப் பெண்கள் கேட்பது அதை இல்லை. ஒருமுறை தப்பாகப் போனாலும், அடுத்த முடிவையும் அவர்களே எடுக்கலாம் என்கிற அந்த நம்பிக்கையை.

அதைக் கொடுக்கக் காசு பணம் வேண்டாம். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்!