எந்த ஆளு எடுக்கிறே?

கல்லூரி லீவுக்கு வந்த மகள் லேப்டாப்பைக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது கன்ட்ரோலரை என் பக்கம் தள்ளினாள். "எந்த ஆளுப்பா எடுக்கிறே?"

திரை முழுக்கப் பெண்பிள்ளைகள். "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆர்கானா ஹார்ட் என்று பெயர். 2006இல் ஜப்பானில் காசு போட்டு ஆடும் கடைகளுக்கு வந்த சண்டை விளையாட்டு. முதல் பாகத்தில் 11 பேர், 11 பேரும் பெண்கள். அடுத்தடுத்த பாகங்களில் தலைகள் கூடின, அந்த விதி மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குத் தெரிந்த சண்டை வேறு. 1995 வாக்கில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். கேப்காம் 1991இல் விட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2தான் அங்கே ராஜா. ஆட எடுக்க 8 பேர். அதில் ஒரே பெண் சுன்-லி. தலைகீழாகப் பாய்ந்து காலைச் சுழற்றுவாள். அவளை எடுத்தால் போதும், பின்னால் நிற்கிற பயல்கள் ஆரம்பித்துவிடுவார்கள். தோற்றால் "பொம்பளை தோத்துட்டா". ஜெயித்தால் எதிராளி "பொம்பளைகிட்ட அடி வாங்கினவன்". இன்னொரு ஆளான ரியூ தோற்றால் ரியூதான் தோற்றான். ஆம்பளை தோத்துட்டான் என்று அந்தக் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே எட்டில் ஒரே இந்தியர் தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பராக நீளும் கைகால். நம்மூர் ஆள் என்று ஆசையாக எடுத்த முதல் நாளே கூசிப்போனேன். தனி ஆளாக நிற்கிறவன் தலையில் மொத்த தேசமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எட்டுப் பேர் இந்தியர்களாக இருந்திருந்தால், ஒருத்தர் மண்டையோடு மாட்டிக்கொண்டு போகட்டுமே என்று விட்டிருப்பேன்.

கடைக்குள் ஒரு பெண்ணும் வந்து பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட வரும் அக்கா சைக்கிளை விட்டு இறங்கமாட்டாள். ஒரு கால் பெடலில், ஒரு கால் வாசல்படியில். கண் என்மேல் இருக்காது, திரைமேல் இருக்கும். "அந்தக் காலைச் சுத்துறவ யாருடா?" என்று ஒருநாள் வழியில் கேட்டாள். "ஒரு ஆட்டம் ஆடிப் பாரேன்" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் சைக்கிளில் வந்ததே அப்போது புதுசு மாறாத சங்கதி. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் பழக்கினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். என் அம்மா அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது பிறகு வசதியாகப் போயிற்று. அந்தக் கம்பியில் போனவன் நான். சாக்கை நாலாக மடித்துப் போட்டாலும் தொடை கன்றிப்போகும்.

முதலில் ஓட்டியவளைத் தெருவே நின்று பார்த்தது. "பொம்பளை சைக்கிள் ஓட்டுறா." நூறு பேர் ஓட்டத் தொடங்கியதும் அந்தப் பேச்சு செத்துப்போனது. "தண்ணிக்குப் போறா", "ரேஷனுக்குப் போறா", "அவளுக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது, ஒதுங்குடா" என்று ஆளுக்கொரு பேச்சு பிறந்தது. கடைசியாகச் சொன்னது என் அம்மாவைப் பற்றி.

ஆர்கானா ஹார்ட்டிலும் "பொம்பளையை எடுத்தேன்" என்றால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒருத்தி தன்னைவிடப் பெரிய வாளைச் சுமக்கிறாள். ஒருத்தி பொம்மையை விட்டு அடிக்கிறாள். ஒருத்தி கொழகொழவென்ற நீர்ப்பிண்டத்தின் மேல் ஏறி வருகிறாள். ஆளை எடுத்தபின் ஆர்கானா என்கிற துணைத் தெய்வத்தைத் தனியாக எடுக்கவேண்டும்: நெருப்பு, காற்று, மண், இப்படி. யாரோடும் எதையும் சேர்க்கலாம். முதல் பாகத்திலேயே 121 விதம். எதிராளி எங்கே பறந்தாலும் அவளை நோக்கிப் பாய்வதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. நான் அதை மட்டும் அமுக்கிப் போய்ப் போய் அடி வாங்கினேன்.

இதைப் பெண் விடுதலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பாவாடையின் உயரத்தைப் பார்த்தாலே யார் கண்ணுக்காக வரைந்தது என்று தெரிகிறது. சொன்னேன். "தெரியும்ப்பா. அதுக்காக ஆடாம இருக்கணுமா?" என்றாள்.

தலை எண்ணிக்கை மட்டும் போதுமா என்றும் சந்தேகம். எங்கள் கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் ஏழு கன்னிமார் கல்லாக இருக்கிறார்கள். சப்த மாதர் என்று சொல்லும் புத்தகங்களில் பிராமி, வராகி, சாமுண்டி என்று தனித்தனிப் பெயர் உண்டு. பொங்கல் வைக்கிற நாங்கள் ஏழு பேரையும் ஒரே மூச்சில் "கன்னிமாரே" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். மூன்றாவது கல் யார் என்று நான் கேட்டதில்லை. விளையாட்டில் அப்படித் தப்ப முடியாது. ஒருத்தியைக் கையில் எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் அவள் வாள் சுற்றிவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று விரலுக்குத் தெரிந்தாகவேண்டும்.

என் விரலுக்குத் தெரியவில்லை. வாள்காரியை வைத்துக்கொண்டு தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றேன். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவ உனக்குத் தோதுப்படலடா. அந்தக் கண்ணாடி போட்ட புள்ளையை எடு. கையில கம்பு வச்சிருக்கு பாரு, எட்ட நின்னே அடிக்கலாம்."

மகள் என் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். "அப்பாயி, நீயே ஆடேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எதை அமுக்கணும்?"