கணனி நீரும் குடிநீரும்: அறிவின் பொறுப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஒன்றைக் கண்டறிந்ததாகக் கூறுவதற்கும், அது இவ்வாறு இருக்கக்கூடும் எனக் கணித்ததாகக் கூறுவதற்கும் இடையிலான வேறுபாடு மெய்யியலாளருக்கு மட்டுமே உரிய நுண்விசாரமன்று. அக்கூற்றை நம்பித் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளும் மக்கள் இருக்கும்பொழுது அது அறவியற் பிரச்சினையாகவும் ஆகிவிடுகின்றது. கண்ணாற் காணப்படாத, கணனியினுள் மட்டுமே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை அறிவு எனக் கொள்ளலாமா? கொள்ளலாமெனின், அவ்வறிவைக் கொண்டு பிறருக்கு நம்பிக்கை அளிக்கும் உரிமை எத்துணை? கடல் நீரைக் குடிநீராக்கும் கிராபீன் மென்சவ்வு பற்றிய ஆய்வுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

கிராபீன் என்பது ஓர் அணுவின் தடிப்பே உடைய காபன் தகடாகும். 2004ஆம் ஆண்டு மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெயிம், கொன்ஸ்தாந்தீன் நொவசெலொவ் ஆகியோர் இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. குறையற்ற கிராபீன் தகட்டினூடாக நீர் செல்லாது. ஆயின், நீர் மூலக்கூறு நுழையக்கூடியனவும் உப்பின் அயன்கள் நுழையமுடியாதனவுமான நுண்துளைகளை அதில் இட்டால் யாது நிகழும்? 2012ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த டேவிட் கொஹென் தனூஜி, ஜெஃப்ரி குரொஸ்மன் ஆகிய இருவரும் இவ்வினாவைக் கணனியிடம் விடுத்தனர். அன்று வழக்கிலிருந்த மென்சவ்வுகளைவிடப் பன்னூறு மடங்கு விரைவாக நீர் செல்லும் என்றும், தகுந்த அளவினதாகத் துளை அமையின் உப்பு தடுக்கப்படும் என்றும் விடை கிடைத்தது. அவ்விடை தோன்றியபொழுது அத்தகைய மென்சவ்வு எதனூடாகவும் கடல் நீர் செலுத்தப்பட்டிருக்கவில்லை.

இக்கணிப்பு எவ்வாறு செய்யப்படுகின்றது? ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் இடமும் வேகமும் கொடுக்கப்படுகின்றன. அணுக்களுக்கிடையேயான விசைகள் சில சமன்பாடுகளால் வரையறுக்கப்படுகின்றன. பின்னர் நியூட்டனின் விதிகளின்படி ஒவ்வோர் அணுவும் அடுத்த கணத்தில் எங்கிருக்கும் என்பது கணிக்கப்படுகின்றது. ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றோ இரண்டோதான் இங்கு ‘அடுத்த கணம்’ எனப்படுவது. ஐதராபாத்திற் பிறந்த அனீசுர் ரகுமானும் பிராங்க் ஸ்டிலிங்கரும் 1971இல் 216 நீர் மூலக்கூறுகளைக் கொண்டு இம்முறையால் நீரின் இயல்பை ஆராய்ந்தனர். இன்றைய கணனிகள் இலட்சக்கணக்கான அணுக்களைக் கையாள்கின்றன. முறையின் அடிப்படையோ மாறவில்லை.

இவ்வாறு பெறப்படும் அறிவு எவ்வகையினது? அறிவின் வாயில்களை அளவைகள் என வகுத்து ஆராய்ந்த மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலியவற்றை எண்ணிக் கூறுகின்றது. கணனியிற் பெற்ற முடிவு காண்டலன்று. புலனோ கருவியோ உண்மை நீரைத் தீண்டவில்லை. அது வெறுங் கருதலுமன்று. புகையைக் கொண்டு தீயை உணர்வதுபோல ஓர் அடையாளத்திலிருந்து அது பிறக்கவில்லை. உண்மை நீரை ஒத்ததாக அமைக்கப்பட்ட ஒன்றன் நடத்தையைக் கண்டு, உண்மை நீரும் அவ்வாறே நடக்கும் எனக் கொள்வதால் அது உவமத்துக்கே நெருங்கியது எனலாம். உவமத்தின் வலிமை ஒப்புமையின் வலிமையே. எப்பண்பில் ஒப்பு, எப்பண்பில் ஒவ்வாமை என்பதை அறியாதவன் உவமத்தாற் பெற்றது அறிவாகாது.

அவ்வொப்புமை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். 1983இல் வெளியான ‘டிப்4பி’ என்னும் நீர் மாதிரியுரு இத்துறையிற் பெரிதும் பயன்படுவது. அறை வெப்பநிலையில் திரவ நீரின் அடர்த்தி முதலிய பண்புகளை அது நன்கு தருகின்றது. ஆயின் அந்நீர் உறைவது பூச்சிய பாகை செல்சியசிலன்று. ஏறத்தாழ மறை 41 பாகையிலாகும். கணனியில் ஓடும் நீர் பனிக்கட்டியாவதையே சரிவர அறியாத நீர்! மேலும், கணனியிற் பின்தொடரக்கூடிய காலம் செக்கனின் மிகச் சிறு பங்கு மட்டுமே. அச்சிறு பொழுதினுள் எண்ணத்தக்க அளவு நீர் துளையைக் கடத்தல் வேண்டுமாதலின், 2012ஆம் ஆண்டு ஆய்வில் ஆயிரம் வளிமண்டல அளவினும் மிக்க அமுக்கம் பிரயோகிக்கப்பட்டது. கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் வழங்குவதோ 50 முதல் 70 வளிமண்டல அமுக்கமேயாகும்.

இவற்றைக் கண்டு கணனி ஆய்வு பொய் எனத் தள்ளுவார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. உராய்வற்ற தளத்தைக் கற்பித்தே கலிலியோ இயக்கத்தை விளக்கினார். எவரும் அத்தகைய தளத்தைக் கண்டதில்லை. சிலவற்றை விட்டுச் சிலவற்றை நோக்குதல் அறிவியல் அனைத்துக்கும் பொதுவானது. அன்றியும், 2015இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தினர் ஒட்சிசன் பிளாஸ்மாவினாற் கிராபீனில் நுண்துளைகளை ஆக்கிச் செய்த பரிசோதனையில் உப்பு ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. கணனி காட்டிய திசை தவறானதன்று. எனினும் அப்பரிசோதனையிற் பயன்பட்ட தகடு மைக்கிரோமீற்றர் அளவிலேயே அளக்கத்தக்கது. நிலையமொன்றுக்கு வேண்டிய பரப்பிற் கிழிசலின்றி அதனை ஆக்குதல் முற்றிலும் வேறான பணி. சிறு கிழிசல் ஒன்றினூடாகவும் உப்பு நீர் புகுந்துவிடும்.

தமிழிற் ‘போலச் செய்தல்’ என்பதும் ‘போலி’ என்பதும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். முன்னது அறிவுக்கு வழி. பின்னது அறிவின் பகை. இரண்டையும் பிரிப்பது யாது? மாதிரியுருவின் நுட்பமன்று, அதன் எல்லையைக் கூறும் நேர்மையே எனலாம். ‘இந்நிபந்தனைகளின்கீழ் இது நிகழும்’ என்பது போலச் செய்தலின் முடிவு. நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு ‘இது நிகழும்’ என்று மட்டும் கூறுமிடத்து, எண்களில் ஒன்றும் மாறாமலே அது போலியாகிவிடுகின்றது.

நிபந்தனைகளை உதிர்ப்பவர் பெரும்பாலும் ஆய்வாளரல்லர். ‘பன்னூறு மடங்கு விரைவு’ என்ற சொற்றொடர் செவிவழிச் செல்லும்போது ‘பன்னூறு மடங்கு மலிவு’ எனக் கேட்கின்றது. கடல் நீரின் பாதியை நன்னீராகப் பிரிப்பதற்கு, எத்துணைச் சிறந்த கருவியாயினும், கனமீற்றருக்கு ஏறக்குறைய 1.06 கிலோவாற்று மணி சக்தி வேண்டும் என்பது வெப்பவியக்கவியலின் விதி. இவ்வெல்லையை எந்த மென்சவ்வும் கடவாது. 2014இல் அதே ஆய்வாளர் இருவரும் வேறு சிலரும் இணைந்து இரண்டாவது கணக்கொன்றைச் செய்தனர். மென்சவ்வின் ஊடுவிடுதிறன் மூன்று மடங்கானாலும் கடல் நீர் நிலையத்தின் சக்திச் செலவு ஏறத்தாழ 15 வீதமே குறையும் என்பது அதன் முடிவு. தாம் எழுப்பிய நம்பிக்கைக்குத் தாமே அளவு வகுத்த இச்செயல் போற்றத்தக்கது. உண்மை கூறல் என்பது பொய் கூறாமை மட்டுமன்று. தன் கூற்றிலிருந்து பிறர் எதைத் தவறாக உணர்வர் என்பதைத் தேடிச்சென்று திருத்துதலும் அதனுள் அடங்கும்.

இதனினும் ஆழமான பிரச்சினை ஒன்றுண்டு. கணனியின் பெட்டியினுள் நீர் உண்டு, உப்பு உண்டு, காபன் உண்டு, மனிதர் இல்லை. ஆற்று வளமற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சுண்ணக்கற் படையின் நிலத்தடி நீரையே நம்பி வாழ்பவர்கள். இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, தம் வயல் வறளும் என அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். பின்னர் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரத்தக்க கடல் நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. இவ்வரலாற்றின் திருப்பங்களைத் தீர்மானித்தவை துளையின் விட்டமல்ல. யாருடைய நீர் யாருக்கு, செலவு யாருடையது, எஞ்சும் செறிந்த உப்பு நீர் யாருடைய கடலுக்கு என்னும் வினாக்களே. மாதிரியுருவில் இடம்பெறாதவை தீர்மானத்திலும் இடம்பெறாது போகும் ஆபத்து இங்குதான் தோன்றுகின்றது. தொழினுட்பம் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, இன்று செய்யவேண்டிய பங்கீட்டை நாளைக்குத் தள்ளிவைக்கும் சாக்காகவும் ஆகலாம்.

ஆகவே கணனி ஆய்வை நிறுத்துக என்பது முடிபன்று. எத்துளையை ஆக்கிப் பார்ப்பது என அறியாது ஆயிரம் தகடுகளை வீணாக்குவதினும், முன்னரே கணித்துப் பார்ப்பது அறிவுடைமை. தாகமுற்றோர் முன்னே காலத்தை வீணாக்குவதும் குற்றமேயாகும். ஆயின் கணிப்பு தருவது தேடுவதற்கான நியாயமேயன்றி, கிடைத்துவிட்டது என்னும் உறுதியன்று. இவ்வேறுபாட்டைப் பேணும் கடமை முதலில் ஆய்வாளருடையது. அவர் கூற்றை மக்களிடம் எடுத்துச்செல்வோருக்கும், அதனைக் கொண்டு திட்டம் தீட்டுவோருக்கும் அதிற் குறையாத பங்குண்டு. குடத்துடன் காத்து நிற்பவருக்குக் கணனியில் ஓடிய நீரைப் பற்றி எதுவும் கூறலாம்; அது இன்னும் குடத்துக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.